வெள்ளைத் தகட்டில் ஒரு டைமண்ட் டி ரெக்கர்: எவர்கிரீன் ஸ்டைரீன் எப்படி?

எட்டு மாதமாக என் மேசையில் ஒரே மாடல் லாரிதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பழுதான வண்டிகளை இழுத்து வரப் பயன்படுத்திய டைமண்ட் டி 969 ரெக்கர் (மீட்பு லாரி), 1/24 அளவில், கிட் (பாகங்கள் தயாராக வருகிற பெட்டி) எதுவும் இல்லாமல் ஸ்கிராட்ச் பில்ட், அதாவது எல்லாப் பாகமும் கையால் செய்தது. 1/35-ல் கிட் கிடைக்கிறது, ஆனால் வின்ச் (கம்பி வடம் சுற்றும் உருளை), கப்பி, நெம்புகோல் எல்லாம் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெரிய அளவுக்குப் போனேன். இந்த வண்டியில் முக்கால்வாசி எவர்கிரீன் நிறுவனத்தின் வெள்ளை ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) தகடும் பட்டையும் குழாயும்தான், ஆகவே இது அந்தப் பொருளைப் பற்றிய விமர்சனம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். பாரம் தாங்குகிற வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

ஏன் இந்த லாரி? அதன் முதுகில் இருக்கிற ஹோம்ஸ் டபிள்யூ-45 கிரேனுக்காக. டென்னசி மாநிலம் சட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் 1916-ல், ஓடையில் விழுந்த ஒரு காரைத் தூக்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1913-ம் வருடத்து காடிலாக் கார் ஒன்றின் சேசிஸ் மேல் மூன்று கம்பங்களும் ஒரு கப்பியும் சங்கிலியும் பொருத்திச் செய்த வண்டியிலிருந்து வளர்ந்த வம்சம் அது. டபிள்யூ-45-ல் இரண்டு பூம்கள் (கிரேனின் கைகள்), ஒவ்வொன்றின் திறனும் 5 டன். ஒரு பூமைப் பக்கவாட்டில் திருப்பிப் பள்ளத்தில் கிடக்கிற வண்டியை இழுக்கும்போது, மற்றதை எதிர்ப்பக்கம் திருப்பி அதன் கம்பி வடத்தை ஒரு மரத்தில் கட்டிவிடுவார்கள், லாரி கவிழாது. இந்த யோசனையை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. கீழே சிகாகோவின் டைமண்ட் டி சேசிஸ், ஆறு சக்கர இழுவை, 106 குதிரைத்திறன் கொண்ட ஹெர்குலிஸ் ஆர்எக்ஸ்சி எஞ்சின்.

சரி, தகட்டுக்கு வருவோம். எவர்கிரீன் தகடு ஏறக்குறைய 15 × 30 செ.மீ., பட்டைகளும் குழாய்களும் 35 செ.மீ. நீளம். உறையின் மேல் இருக்கிற எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: 9010 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது 0.25 மி.மீ., 9020 என்றால் அரை மி.மீ., 9040 என்றால் 1 மி.மீ. பட்டைகளில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் ரயில் மாடல்காரர்களுக்காக 1/87 அளவில் மரச்சட்டத்தின் அளவைப் பெயராக வைத்த பாக்கெட்டுகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். அவை 1/24-க்கு உதவாது. நேரடியாக அளவு போட்டிருப்பதையே எடுங்கள்.

இந்தப் பொருளின் மிகப் பெரிய குணம் அது உடைகிற விதம். கத்தியை ஸ்கேலோடு சேர்த்து இரண்டு மூன்று முறை லேசாகக் கீறினால் போதும், முழுக்க அறுக்க வேண்டியதே இல்லை, கோட்டில் வைத்து மடக்கினால் டக்கென்று நேராக விட்டுவிடும். ஓரத்தில் எழும்பி நிற்கிற சின்ன வரப்பைக் கத்தியின் முதுகால் ஒரு இழுப்பு இழுத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தகடு அதன் மேல் சமமாக உட்காராது. முன்பு வேறொரு தகடு (பெயர் வேண்டாம்) வாங்கியிருந்தேன். அதில் கோடு ஒரு பக்கம் போக, உடைவது இன்னொரு பக்கம் போகும். ஒரே தாளில் இரண்டு மூலைகளுக்குக் கனம் வேறு. அந்த அனுபவத்துக்குப் பிறகு எவர்கிரீனைக் கையில் எடுத்ததும் வெர்னியர் காலிபரை வைத்துப் பார்த்தேன், நான் அளந்த இடங்களிலெல்லாம் சொன்ன கனம் இருந்தது. இழுவை வண்டி மாதிரி நூறு பெட்டிகளும் சட்டங்களும் ஒன்றோடொன்று சேர வேண்டிய மாடலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எந்தக் கனம் வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1/24-ல் 0.25 மி.மீ. என்பது நிஜ வண்டியில் 6 மி.மீ. இரும்பு. அரை மி.மீ. என்றால் 12 மி.மீ. லாரியின் மட்கார்டு தகடோ நிஜத்தில் 2 மி.மீ. அளவில்தான் இருக்கும், அப்படியானால் மாடலில் 0.08. அவ்வளவு மெல்லியதை யாராலும் கையாள முடியாது. அதனால் கனமான தகட்டில் செய்து, கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தை மட்டும் உள்பக்கமாகச் சரிவாகச் சீவிவிட வேண்டும். பார்ப்பவருக்கு ஓரம்தான் தெரியும், அதன் கனத்தை வைத்துத்தான் மனம் மொத்தத் தகட்டையும் அளக்கிறது. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் அரை மி.மீ. தகட்டில் ப வடிவில் கட்டி, மேல் கீழ் விளிம்புகளை மட்டும் சுரண்டிப் பாதியாக்கினேன். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) நிஜ வண்டியில் 151 அங்குலம், மாடலில் 160 மி.மீ.க்கு ஒரு நூல் குறைவு.

முன் மட்கார்டின் வளைவுக்கு இரண்டு வாரம் ஆனது. மரத்தில் ஒரு அச்சு செதுக்கி, 0.25 தகட்டை வெந்நீரில் காட்டி அதன் மேல் சுற்றிக் கட்டி, ஆறிய பிறகு அதன் மேல் இன்னொரு 0.25 தகட்டைப் பசையோடு ஒட்டினேன். ஒற்றைத் தகடாக இருந்தால் மெதுவாகப் பழைய நிலைக்கே விரிந்துவிடும். இரண்டு தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் விரியாது, அந்த மட்கார்டு இன்றுவரை அசையவில்லை.

அப்புறம் பசை. ஸ்டைரீனுக்கு ஒட்டும் பசை தேவையில்லை, கரைக்கிற பசைதான் தேவை. டமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணீர் போல ஓடுகிற பசையைத் தூரிகையில் தொட்டு இணைப்பின் மேல் வைத்தால் அது தானே உள்ளே ஊறி இரண்டு தகடுகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அதில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும், ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை. இந்தப் பசை நல்லது, ஆனால் பொறுமையில்லாதவரைத் தண்டிக்கும். கிரேனுக்குப் பக்கத்தில் வருகிற கருவிப் பெட்டிகளை நான்கு பக்கமும் மூடி, உள்ளே பலத்துக்காகத் தாராளமாகப் பசை விட்டு வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பக்கச் சுவர்கள் உள்ளே குழிந்திருந்தன, ஏனென்றால் அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே இளக்கிவிட்டது. பெட்டிகளை உடைத்து மறுபடி கட்டினேன். இப்போது மூடிய பெட்டி எதுவானாலும் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுகிறேன். நீளமான பட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் பசை விட்டால் அது அந்தப் பக்கமாக வில் போல வளையும், அதையும் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு சின்னக் குறை, எல்லா வெள்ளை ஸ்டைரீனுக்கும் உள்ளதுதான்: வெள்ளை மேல் வெள்ளை, எங்கே கீறல், எங்கே இடைவெளி என்று கண்ணுக்கே தெரியாது. பாதி வேலையிலேயே சாம்பல் நிற பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு அடித்துப் பார்த்துவிடுவது நல்லது, கடைசியில் அடித்துவிட்டு வருந்துவதை விட.

இனி பூம்கள். முதலில் அவற்றையும் முழுக்க ஸ்டைரீனிலேயே செய்தேன். கம்பி வடத்துக்காக நூலை முறுக்கிக் கொக்கியில் இழுத்துக் கட்டியதும் நிமிர்ந்து கம்பீரமாகத்தான் நின்றன, பத்து நாளில் நுனி மெல்லத் தாழத் தொடங்கிவிட்டது. ஸ்டைரீன் தொடர்ந்து இழுக்கப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்துகொடுக்கும், அது அதன் இயல்பு, தகட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது முறை பூமின் உள் எலும்பைப் பித்தளையில் சாலிடர் வைத்துச் செய்து, மேலே தெரிகிற தகடு, போல்ட் தலை, கப்பி உறை எல்லாவற்றையும் ஸ்டைரீனில் போர்த்தினேன். பித்தளைக்கும் ஸ்டைரீனுக்கும் நடுவே கரைக்கும் பசை வேலை செய்யாது, சூப்பர் குளூதான் வேண்டும். ஆக்சிலுக்கும் இதே முறைதான்.

குழாய்களை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். 2.4, 3.2, 4.0, 4.8 மி.மீ. என்று ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். வின்ச் உருளை, சைலன்சர், காற்று பிரேக்கின் டாங்கி என்று எதற்குத்தான் பயன்படவில்லை! வின்ச் உருளை இப்போது நிஜமாகவே சுற்றுகிறது, உள்ளே இருக்கிற குழாய்தான் அதன் அச்சு.

டயர்களுக்கு இந்தத் தகட்டை நம்பாதீர்கள். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, ஆகப் பத்து டயர், ஒவ்வொன்றும் சுமார் 42 மி.மீ. உயரம். ஒன்றை மட்டும் வட்டத் தகடுகளை அடுக்கிக் கடைந்து, பட்டைத் துண்டுகளால் டயரின் மேல் புடைத்து நிற்கிற கட்டைகளை வைத்து, மற்றவற்றை சிலிக்கான் அச்சில் ரெசினாக வார்த்துக்கொண்டேன். பத்தையும் கையால் செய்திருந்தால் பத்தும் பத்து விதமாக இருந்திருக்கும்.

வேறு பொருட்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பிளாஸ்ட்ரக்ட் நிறுவனத்தின் சாம்பல் நிறச் சட்டங்கள் ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக், அதற்கேற்ற பசை எடுங்கள். பொருள் பொதிந்து வருகிற வெள்ளைத் தட்டுகளில் மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் பாலிஸ்டைரீன்தான், ஒரு சொட்டுப் பசை விட்டு இளகுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். முதல் பெட்டியும் முதல் சட்டமும் எப்படியும் குப்பைக்குத்தான் போகும், அதை அந்தத் தட்டிலேயே செய்து முடித்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் 0.25, 0.5, 1.0 தகடுகளில் ஒவ்வொரு பாக்கெட், குழாய்களில் இரண்டு அளவு, அரை மி.மீ. பட்டையில் ஒன்று, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் தீர்ந்தது 0.5 தகடு, மூன்று பாக்கெட். 2 மி.மீ. தகடு ஒன்று வாங்கியது அப்படியே உறை பிரிக்காமல் இருக்கிறது.