சிறுநீர்ப்பையை எடுப்பதா, காப்பதா: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைக்குள் இறங்கிவிட்டதாக பயாப்ஸி அறிக்கை வந்தவுடன், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பையை எப்போது எடுக்கப் போகிறார்கள்? கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்துப் பையைக் காப்பாற்றும் வழியும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முன் அந்த அறிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். முடிவு அதில்தான் தொங்குகிறது.

பையின் உட்புறம் மெல்லிய செல்படலமும், அதனடியில் இணைப்புத் திசுவும், அதற்கப்பால் சிறுநீரை வெளியேற்றும் பருத்த தசையும் இருக்கின்றன. நோய் கண்டறியப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூவருக்குக் கட்டி அந்தத் தசையைத் தொட்டிருப்பதில்லை. அவர்களுக்குச் சுரண்டுதலும், தேவைப்பட்டால் பைக்குள் செலுத்தி நோயெதிர்ப்பைத் தூண்டும் பிசிஜி மருந்தும், சிறுநீர்த் துவாரம் வழியே கேமராக் குழாய் செலுத்திப் பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி விடாமல் செய்வதும் பெரும்பாலும் போதும். சிக்கல் என்னவென்றால், இணைப்புத் திசுவுக்குள்ளும் மெல்லிய தசையிழைகள் சிதறிக் கிடக்கும். சுரண்டும்போது மின்வெப்பத்தில் கருகிய சிறு துணுக்கில் அவற்றைப் பருத்த தசைக்கற்றை என்று கொண்டுவிட்டால், பையை எடுக்கத் தேவையில்லாதவரும் எடுக்க வேண்டியவர் ஆகிவிடுவார். மாறாக, ‘தசை காணப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் நோய் தசையில் இல்லை என்று பொருளன்று. எடுத்த துணுக்கு அவ்வளவு ஆழம் போகவில்லை என்றே பொருள். அப்போது சில வாரங்களுக்குள் மறுபடியும் சுரண்டிப் பார்ப்பதே முறை. எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி மதுரையிலோ சென்னையிலோ இன்னொரு நோய்க்கூறியல் மருத்துவரிடம் காட்டலாம். அதை எந்த மருத்துவரும் அவமதிப்பாகக் கொள்ளத் தேவையில்லை.

தசையில் நோய் இருப்பது உறுதியானால், பையை எடுப்பது பெரிய அறுவை சிகிச்சை. ஆண்களுக்குப் புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பல நேரங்களில் கருப்பையும் சேர்ந்தே போகும். சிறுநீரகம் தாங்குமானால் அறுவைக்கு முன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுப்பார்கள். அதனால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 100 பேருக்கு 5 பேர் அளவில் கூடுகிறது. பிறகு சிறுநீர் எங்கே போவது? சிறுகுடலின் ஒரு துண்டை வயிற்றுத் தோலில் திறந்து வெளிப்பை ஒட்டுவது ஒரு வழி. 1950-இல் பிரிக்கர் விவரித்த அந்த முறையே இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. நீளமான குடல் துண்டில் உள்ளேயே புதுப்பை தைப்பது மற்றொன்று. புதுப்பைக்கு நிரம்பிய உணர்வு பழையபடி வராததால், நேரம் பார்த்து, இரவிலும் எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டும். சிலர் தாமே குழாய் செலுத்திக்கொள்ளவும் நேரும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஏற்றதன்று.

பையைக் காக்கும் வழிக்கும் நல்ல சான்றுகள் உண்டு. 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்தவர்களில் 67 சதவீதத்தினருக்கு இரண்டாண்டு முடிவில் பையிலும் அதைச் சுற்றியும் நோய் இல்லை. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அது 54 சதவீதம். 2023-இல் வெளியான, 722 நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து இரு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வில், ஐந்தாண்டில் நோய் வேறிடம் பரவாதிருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 75 சதவீதம். பையைக் காத்தவர்களில் 13 சதவீதத்தினர் பின்னர் அதை எடுக்க வேண்டியதாயிற்று. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அன்று என்பதால் அதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அதில் இருந்தவர்களும் இரு வழிக்கும் தகுதியானவர்களே: பெரும்பாலும் ஒற்றைக் கட்டி, பரவலான மேற்படலப் புற்று (உட்படலத்திலேயே தட்டையாகப் படரும் புற்று) இல்லை, நன்றாக வேலை செய்யும் பை.

மருத்துவத் தகுதி இருபுறமும் சமமாக இருந்தால், வீட்டு நிலைமையையும் தராசில் வைக்கத்தான் வேண்டும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, எட்டுக்கட்டு வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருக்கும் ஊர்கள் இவை. வெளிப்பையின் ஒட்டுத்தகட்டைச் சில நாட்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். சித்திரை வியர்வையில் அது முன்னதாகவே கழன்றுகொள்ளும். கை நடுங்கும் எழுபது வயதுக்காரருக்கு இன்னொருவர் துணை வேண்டும். காக்கும் வழியிலோ 20 முதல் 32 அமர்வுகள் வரை, வாரத்தில் ஐந்து நாட்கள் கதிர்வீச்சு. காரைக்குடியிலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வருவதைவிட அங்கேயே அறை எடுத்துத் தங்குவது மேல். அதன் பின்னும் தொடக்க ஆண்டுகளில் சுமார் மூன்று மாதத்துக்கொருமுறை சிஸ்டோஸ்கோப்பி தவறக் கூடாது. தொடர்ந்து வர மாட்டார் என்று குடும்பத்துக்கே தெரிந்தவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரக்கூடியவருக்கு, ஒற்றைக் கட்டி முழுதும் சுரண்டப்பட்டிருந்தால், அறுவைக்கு இணையான வழியாகவே இதை முன்வைக்க வேண்டும்.

ஆனால் கட்டி அடைத்துச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டினாலோ, மேற்படலப் புற்று பை முழுதும் பரவியிருந்தாலோ, உடல் தாங்கும் நிலையில் உள்ளவருக்குப் பையை எடுப்பதே சரி. அங்கே நாள் கடத்தக் கூடாது. கண்டறிந்து மூன்று மாதத்துக்கு மேல் அறுவை தள்ளிப்போனால் பலன் குறைகிறது. வலியில்லாமல் ரத்தம் போனதை உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்து ஏற்கெனவே பல வாரங்களைக் கழித்துவிட்டு வந்தவருக்கு, அந்த மூன்று மாதத்தையும் முழுதாக எடுத்துக்கொள்ள இடமில்லை.