கல்யாணத்துக்குப் புடவை வேண்டாம் என்றால்: சென்னையில் சுடிதார் செட், கோட் சூட் தைத்துக்கொண்டு திரும்புவது

லீவில் ஊருக்கு வருகிறவர்களில் பலருக்கு இந்தத் தேவை உண்டு. சென்னையிலேயே பெரிய ஹோட்டலில் ஒரு ரிசப்ஷன் இருக்கும், அல்லது திரும்பிப் போனதும் லண்டனிலோ சிங்கப்பூரிலோ ஒரு கல்யாணம். புடவை வேண்டாம், ஆனால் சபையில் எடுப்பாக இருக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. வந்த மறுநாளே தி.நகருக்கு ஓடித் துணியை அள்ளிக்கொண்டு, அப்புறம் டெய்லரைத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முதலில் பிடிக்க வேண்டியது டெய்லரை. துணி சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகூடக் கிடைக்கும். நல்ல கட்டிங் மாஸ்டரின் தேதிதான் கேட்டதும் கிடைக்காது.

பஞ்சாங்கம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மார்கழி. இரண்டு மாதமும் முகூர்த்தம் இல்லாததால் டெய்லரிடம் கல்யாண ஜாக்கெட் குவியல் குறைவு. ஆனால் ஆடி கடைசி வாரத்தில் போனால் ஆவணி முகூர்த்த வேலை வந்து நிற்கும். மார்கழி கடைசியில் பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். தீபாவளிக்கு முன்னால் கேட்கவே வேண்டாம், பல கடைகளில் ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். சுடிதார் செட்டுக்குக் குறைந்தது பத்து நாள், கோட் சூட்டுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு, விமானத் தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே டெலிவரி தேதியைச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஜாக்கெட் பிரமாதமாகத் தைக்கிறவர் சுடிதாரும் அப்படியே தைப்பார் என்று எண்ண வேண்டாம். ஜாக்கெட் உடம்போடு ஒட்டி இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. டாப்புக்கு இடுப்புக்குக் கீழே உட்கார, நடக்க இடம் விட வேண்டும். அதனால் டெலிவரிக்காக மாட்டியிருக்கும் ஒரு டாப்பைக் காட்டச் சொல்லி உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் (வெட்டிய ஓரம் பிரியாமல் போடும் தையல்) முழுக்க ஓடியிருக்கிறதா, பக்கத் தையலில் ஒரு இஞ்சாவது துணி விட்டிருக்கிறதா, லைனிங் சுருங்காமல் தட்டையாக நிற்கிறதா என்பதைப் பார்த்தால் போதும், கடையின் தரம் தெரிந்துவிடும். அப்புறம் மூன்று கேள்வி: யார் வெட்டுகிறார்கள், ட்ரையல் உண்டா, லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் தைக்கிறீர்களா? "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இப்போது துணி. விலையைவிட முதலில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைக் கேளுங்கள். மார்பு 38 இஞ்ச் என்றால் மாஸ்டர் துணியை மடித்துப் போட்டு அதில் கால்பங்கு ஒன்பதரை, லூஸுக்கு முக்கால் முதல் ஒன்று, தையலுக்கு ஒன்று என்று சாக்பீஸால் பதினொன்றரை இஞ்ச் வரை போடுவார். முன்பக்கம் மட்டும் விரித்தால் 23 இஞ்ச், கீழ்ச்சுற்றில் 25, 26. ஆகவே 44 இஞ்ச் பன்னாவில் முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் அடங்காது. நீளவாக்கில் இரண்டு உயரம் எடுத்தாக வேண்டும். 44 இஞ்ச் உயர டாப் என்றால் மடிப்பு, தோள் தையல் எல்லாம் சேர்த்து ஓர் உயரம் 46 இஞ்ச். இரண்டு உயரத்துக்கு 92, அதாவது இரண்டரை மீட்டர் கேட்டு வாங்க வேண்டும். கைகளுக்கான துணி ஓரத்து மிச்சத்திலேயே வந்துவிடும். 58 இஞ்ச் பன்னா கிடைத்தால் இரண்டும் அடங்கிவிடும், கைக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் போதும். மீட்டர் 600 ரூபாய் விலையில் இரண்டரை மீட்டருக்கு 1,500. மீட்டர் 800 ரூபாய் அகலத் துணியில் ஒன்றே முக்காலுக்கு 1,400. கடையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பேண்ட்டுக்கு 44 பன்னாவில் இரண்டு மீட்டரிலிருந்து இரண்டேகால். கிராஸ் கட்டிங்கில், அதாவது துணியைச் சாய்வாகப் போட்டு வெட்டுவதில் வரும் சுடி பாட்டத்துக்கு இரண்டரை. நிறையக் கொசுவம் வைத்த பட்டியாலா கேட்டால் மூன்றரை, நான்கு என்று ஏறும். கல்யாணத்துக்கு நேர்க்கால் பேண்ட்தான் கண்ணியமாக இருக்கும், துணியும் மிச்சம். துப்பட்டா இரண்டேகாலிலிருந்து இரண்டரை மீட்டர். லைனிங் டாப்பின் உயரத்துக்கே வேண்டும், அதனால் அதே அளவு. டெய்லர் கடையில் இந்த அளவையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினால் கடையில் தடுமாற்றம் இல்லை.

எங்கே எடுப்பது? தி.நகரில் பாண்டி பஜார், உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு மூன்றிலும் சுற்ற வேண்டியதில்லை. ரன்னிங் மெட்டீரியலுக்குப் பெரிய ஜவுளிக் கடையின் மீட்டர் துணி மாடியும், லைனிங், லேஸ், நாடாவுக்கு மேட்சிங் சென்டரும் போதும். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால், 2023இல் திறந்த ஆகாய நடைமேம்பாலம் ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் தி.நகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொண்டுபோய் விடும். வார நாளில் காலை பதினோரு மணிக்குள் போவது நல்லது. சனி, ஞாயிறு மாலை என்றால் துணியை விரித்துப் பார்க்கவே இடம் இருக்காது. பார்ட்டி வேர் செட், பார்டர், ஜரி லேஸுக்கு சௌகார்பேட்டை மிண்ட் தெரு மலிவு. கோட்டுத் துணிக்கு பாரிமுனை கோடவுன் தெரு. இரண்டு இடமும் ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். எழும்பூர் பாந்தியன் ரோட்டு ஓரக் கடைகளில் கல்யாணத்துக்கான துணி தேட வேண்டாம். ஆனால் அங்கே சல்லிசாக ஒரு காட்டன் வாங்கி முதலில் அதைத் தைக்கக் கொடுப்பது கெட்டிக்காரத்தனம். அளவில் என்ன கோளாறு இருந்தாலும் அதில் தெரிந்துவிடும், வீட்டில் போட ஓர் உடுப்பும் ஆயிற்று.

சிக்கனம் என்றால் ஆர்ட் சில்க், சந்தேரி கலப்பு, விஸ்கோஸ் ஜார்ஜெட் ஆகியவை நல்ல தேர்வு. பார்வைக்குக் குறைவில்லை. "ப்யூர் ரா சில்க்" என்று சொல்லி விலை கேட்டால் அசல் பட்டுக்கான சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஓர நூல் ஒன்றை உருவி, கடைக்கு வெளியே கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து பொடியாக உதிரும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள், விற்பனையாளர் மறுக்க மாட்டார். வெட்டுவதற்கு முன் முழு நீளத்தையும் விரித்து இழை விட்ட இடம், கறை பார்ப்பதும் முக்கியம். வெட்டிய துணியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

துப்பட்டா நிறம் அமையவில்லை என்றால் வெள்ளைத் துப்பட்டா வாங்கிச் சாயம் போடக் கொடுக்கலாம். பட்டு, விஸ்கோஸ், ப்யூர் ஷிஃபான் சாதாரண டையிங் கடையில் நிறம் ஏறும். பாலியெஸ்டர் ஏறாது, அதற்கு வேண்டிய சூடும் சாயமும் வேறு. வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக எதையாவது கொண்டுபோனால் திட்டுத் திட்டாகத் திரும்பி வரும்.

அளவு கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது நிறைய. வெளிநாட்டில் வாங்கிய ஸ்ட்ரெட்ச் குர்த்தியை அளவு சுடியாகக் கொடுக்காதீர்கள். அது இழுபடும், பட்டு இழுபடாது. அதே அளவில் தைத்தால் கையைத் தூக்க முடியாது. அளவுத் துணி கொடுத்தாலும் உடம்பிலும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். கல்யாணத்தன்று போடும் உள்ளாடை, செருப்போடு போவது அவசியம், மார்பளவும் பேண்ட் உயரமும் அதைப் பொறுத்தது. கைச்சுற்றை முழங்கையை மடித்து வைத்து எடுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழ் அளவை நின்றும், ஸ்டூலில் உட்கார்ந்தும் எடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் சுற்றளவு கூடும், அந்தக் கூடுதலை விடாததால்தான் பந்தியில் உட்காரும்போது பக்கத் தையல் விடுகிறது. எழுதி முடித்ததும் நோட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சித்தியோ அத்தையோ துணி எடுத்துக் கொடுத்தாலே போதும்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் லைனிங்கில் ஆரம்பிக்கும். நனைக்காத காட்டன் லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கி, மேல் துணியைக் கீழே இருந்து பிடித்து இழுக்கும், மடிப்பு ஓரம் அலை அலையாக நிற்கும். ரா சில்க், டிஷ்யூ, பனாரஸ் துணிகளை உடம்போடு இறுக்கித் தைத்தால் தையல் ஓரத்தில் இழை நகர்ந்து சல்லடை மாதிரி பிளக்கும். லூஸைக் கூட்டுவதும், ஓரத்தில் லைனிங்கையும் சேர்த்துத் தைப்பதும்தான் மருந்து. காட்டனுக்குப் போட்ட தடித்த ஊசியிலேயே பட்டுத் துணியையும் தைத்தால் நூல் இழுபட்டுக் கோடு விழும். பட்டுக்குப் பதினொன்றாம் நம்பர் ஊசி போதும். இதைக் கேட்டால் மாஸ்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அகலக் கழுத்து கேட்டால் தோளிலிருந்து நழுவும், பின்கழுத்தில் நாடா வைக்கச் சொல்லுங்கள். ஜிப் மலிவாகப் போட்டால் சபையில் கைவிடும். அதை மட்டும் நீங்களே நல்லதாக வாங்கிக் கொடுங்கள், ஐம்பது ரூபாய் விஷயம்.

ட்ரையலில் நின்று பார்ப்பது போதாது. கையை முன்னே நீட்டி, மேலே தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். "அண்ணா, கக்கத்துல பிடிக்குது" என்றால் "கொஞ்சம் பிரிச்சு விட்டுடறேன்மா" என்பார். பக்கத்தைப் பிரித்து விட்டால் மார்புதான் தளரும், கக்கத்துப் பிடிப்பு போகாது. ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்தும் வளைவைக் கீழே இறக்கி வெட்ட வேண்டும், கைச்சுற்றையும் அதற்கேற்ப விட வேண்டும். அவர் சாக்பீஸால் குறி வைப்பதைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். லைனிங் வைத்த செட்டுக்குப் பேட்டை டெய்லரிடம் சுமார் 700 முதல் 1,200 ரூபாய் கூலி. பொட்டிக்கில் அதற்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ. வித்தியாசம் பெரும்பாலும் ஏசிக்கும் ட்ரையல் ரூமுக்கும்தான்.

கோட் சூட் என்றால் கதை வேறு. ஜென்ட்ஸ் டெய்லர்கள்தான் கோட்டு தைப்பதில் கைதேர்ந்தவர்கள், ஆனால் பலர் ஆண் கோட்டையே சின்னதாக வெட்டிப் பக்கத்தில் பிடித்துவிடுவார்கள். அப்போது மார்பில் காலர் மடிப்பு வாய் பிளந்து நிற்கும். பிரின்சஸ் கட் (மார்பின் மேல் வளைந்து இறங்கும் தையல்) வைத்து வெட்டத் தெரியுமா, பெண்களுக்குத் தைத்த கோட்டு ஏதாவது படம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே துணி வாங்குங்கள். 58 இஞ்ச் பன்னாவில் கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் சேர்த்து மூன்று மீட்டரிலிருந்து மூன்றேகால். சென்னைக் கல்யாணம் என்றால் பாலி விஸ்கோஸ் அல்லது லினன் கலப்பு, டிசம்பர் டொராண்டோ என்றால் பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்த டெர்ரி ஊல். கோட்டு விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டி வைக்கும் ஃப்யூசிங் துணியை மிஷினில் பிரஸ் செய்கிறார்களா, கை இஸ்திரியிலா என்பது முக்கியம். கை இஸ்திரியில் சூடும் அழுத்தமும் ஒரே சீராக விழாது, டிரை கிளீனிங் போய் வந்ததும் மார்பில் கொப்புளம் கிளம்பும். முதல் ட்ரையல் கச்சாத் தையலோடு (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்), கை முழுவதும் ஏற்றாமல். இரண்டாவது ட்ரையல் பட்டன் வைப்பதற்கு முன். பெண்கள் கோட்டில் வலப்பக்கம் மேலே வரும் என்பதை ரசீதிலேயே எழுத வையுங்கள்.

ரெடிமேட் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டே விஷயம். பார்ட்டி வேர் செட்டில் டாப்பின் கைக்கான துணி தனியாக உள்ளே மடித்து வைத்திருக்கும். வாங்குமுன் இருக்கிறதா என்று பாருங்கள், ஏற்றித் தைக்க ஆள் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடுப்பில் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. எம்.ஆர்.பி. ஒட்டிய சரக்கில் வரி அதற்குள்ளேயே அடக்கம். பொட்டிக்கில் சொல்லும் விலைக்கு மேல் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டை டெய்லரிடம் கார்டு தேய்க்க மிஷின் இருக்காது. ரொக்கம் அல்லது யுபிஐ. என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) உள்ளவர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளின் நம்பரிலேயே யுபிஐ இயக்கலாம், ஆனால் உங்கள் வங்கி அதை அனுமதித்திருக்க வேண்டும். அட்வான்ஸ் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். ரசீதில் ட்ரையல் தேதி, டெலிவரி தேதி இரண்டும் வேண்டும். மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் பிரித்துப் பெரிதாக்க அதே துணி வேறெங்கும் கிடைக்காது. ஜரி உள்ளதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். பாச்சா உருண்டையும் சென்ட்டும் ஜரியைக் கறுக்க வைக்கும், இரண்டையும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.