முற்றத்து மழைமானி, ஒரு மாரி பாவித்த பிறகு

போன புரட்டாதியில் கிளிநொச்சி டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வாங்கியது. பிளாஸ்ரிக் கூம்பு, ஒரு பக்கம் மில்லிமீற்றர், மறுபக்கம் அங்குலம். விலை ஒரு உரமூட்டைக் காசில் கால்வாசியும் வராது.

வாங்க வைத்தது போனில் இருந்த வானிலைச் செயலிதான். மழை 80 வீதம் என்று காட்டும், நானும் யூரியா எறியாமல் நிறுத்திவைப்பேன், பார்த்தால் முற்றத்துப் புழுதி கூட அடங்கியிருக்காது. அதையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது, பல கிலோமீற்றருக்குச் சேர்த்து ஒரு எண் போடுகிற கணக்கு, என் வயல் வரம்பு அதற்கு எங்கே தெரியப்போகுது. மானி விழுந்ததை மட்டும் சொல்லும். 1 மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 1 லீற்றர், ஏக்கருக்கு 4,000 லீற்றருக்குச் சற்றுக் கூட. இது மனதில் ஏறிய பிறகு யாராவது "நல்ல மழை" என்றால் எத்தனை என்று கேட்டு வாங்கிக் கட்டுகிறேன்.

சரி, குறைகள். வெயிலில் எண்கள் மங்கிவிட்டன, கறுப்பு மார்க்கரால் மேலே எழுதினேன். வேப்பமரத்தடியில் நட்டது என் மடத்தனம், வெளியான இடம் வேண்டும். கார்த்திகையில் ஒரு இரவு 150 தாண்டி வழிந்துவிட்டது, அன்று எவ்வளவு பெய்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் பெரிய பிழை நான் விட்டது. என் முற்றத்தில் 40 விழுந்தால், எங்கள் வயலுக்குத் தண்ணி தருகிற இரணைமடுக் குளமும் ஏறும் என்று நினைத்துவிட்டேன். நாங்கள் இருப்பது முரசுமோட்டை, குளத்துக்குக் கீழே. தண்ணி வருவது கனகராயன் ஆற்றால், தெற்கே மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் பெய்தால்தான். அதனால் மாங்குளத்தில் இருக்கிற அக்காவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலை 8.30க்கு, வானிலைத் திணைக்களம் அளக்கிற அதே நேரத்துக்கு, போன் வரும்: "தம்பி, 62. எறும்பையும் சேர்த்துச் சொல்லவோ?"

அப்படியும் ஐப்பசித் தொடக்கத்தில் அக்காவின் எண் ஏற ஏற, குளம் அசையவில்லை. கோடையில் வெடித்துக் கிடந்த நிலம் முதல் மழையை எல்லாம் குடித்துவிட்டது. கலிபோர்னியாவில் இருக்கிற மருமகனிடம் புலம்பினேன், அவன் சிரித்தான். அங்கே சியரா நெவாடா மலையில் கிடக்கிற பனிதான் குளம் மாதிரி, கோடையில் உருகி ஆற்றுக்கு வரும், ஏப்ரல் 1 அளவை வைத்துத்தான் அந்த வருசத் தண்ணிக்குக் கணக்குப் போடுவார்களாம். பனியின் பாரத்தை நிறுக்கிற மெத்தை மாதிரிக் கருவிகள் மலை முழுக்க இருக்கின்றன. 2021இல் பனி சராசரியில் ஏறக்குறைய 60 வீதம் இருந்தும், ஆற்றுக்கு வந்த தண்ணி கணித்ததை விட வெகு குறைவு. காய்ந்த மண் உறிஞ்சிவிட்டது. சூடு கூடக் கூடப் பனியாக விழவேண்டியது மழையாக விழுந்து மாரியிலேயே ஓடிவிடுவதால், பழைய வருசங்களின் கணக்கும் அவர்களுக்கு உதவுவது குறைந்து வருகிறதாம். அவ்வளவு சாமான் வைத்திருப்பவர்களே தடுமாறும்போது என் கூம்பைத் திட்டி என்ன?

எங்கள் சிறுபோகக் கூட்டமும், அதாவது கோடை நெல்லுக்கான கூட்டமும், கிட்டத்தட்ட அந்த ஏப்ரலை ஒட்டித்தான், குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ஏக்கர் பிரிப்பார்கள். இம்முறை கொப்பியோடு போகிறேன்.

வாங்குகிறவர்கள் ஒன்றை வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள், மற்றது குளத்துக்கு மேலே இருக்கிற சொந்தக்காரருக்கு. கொஞ்சம் உயரத்திலும் கட்டச் சொல்லுங்கள். அக்காவுடையதைப் போன கிழமை ஆடு முட்டி உடைத்துவிட்டது.