பினாங்கில் ஒரு ஜெர்மன் மாலை வகுப்பு: இருபது வாரம் படித்தபின் எழுதும் மதிப்புரை

ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்கு அருகே ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், செவ்வாயும் வியாழனும் இரவு ஏழரை மணிக்கு நடக்கும் ஜெர்மன் தொடக்கநிலை வகுப்பில் இருபது வாரம் படித்து முடித்திருக்கிறேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கட்டணம் தொடர்பாக எனக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஒரு பேச்சு இன்னும் முடியாமல் இருக்கிறது. அது முடியுமுன் பெயரைச் சொல்லிக் குறை கூறுவது முறையல்ல. ஆனால் இந்தத் தீவில் இத்தகைய வகுப்பைத் தேடும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எது பயன்படும், எதில் கவனம் வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்தவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் பினாங்கு வந்தபோது, இந்த ஊரில் விமான நிலையம், தொழிற்சாலை, வாடகை வீடு ஆகிய மூன்றைத் தவிர எதுவும் தெரியாது. 1972இல் தொடங்கிய அந்தத் தடையற்ற வணிக வலயத்தில் ஜெர்மன் நிறுவனங்கள் நெடுங்காலமாக இயங்கிவருகின்றன. எங்கள் தளத்தில் உள்ள இயந்திரங்களின் கையேடுகளில் பாதி ஜெர்மனில்தான் வருகின்றன. மேலாளர் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கையேடுகளை மொழிபெயர்ப்புச் செயலியில் ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்ப்பது எனக்கே சலித்துப் போனதால் சேர்ந்தேன்.

ஏ1 என்னும் முதல் நிலையை இவர்கள் இரண்டு பாதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதியும் பத்து வாரம், வாரம் நான்கு மணி நேரம். ஆக மொத்தம் எண்பது மணி நேரம். நான் ஒரு பாதிக்கு 980 ரிங்கிட் கட்டினேன், புத்தகம் தனி. பாடநூல் நன்றாக இருந்தது, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒலிப்பதிவுகளை ஒலிக்கவிடும் கருவி மட்டும் பழையது. கடைசி வரிசையில் அமர்ந்தால் சொற்களின் ஈற்றெழுத்துகள் கேட்பதில்லை.

இந்த வகுப்பின் உண்மையான சிறப்பு சனிக்கிழமைகளில் இருக்கிறது. ஆசிரியை மலேசியர், ஜெர்மனியில் பல ஆண்டு வாழ்ந்து திரும்பியவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்களை ஊருக்குள் அழைத்துச் செல்வார். கடைக்காரர்களிடம் மலாயிலோ தமிழிலோ ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியிலோ பேசலாம், ஆனால் எங்களுக்குள் பேசுவதெல்லாம் ஜெர்மனில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. புது ஊரையும் புது மொழியையும் ஒரே நடையில் பழக்கும் இந்த முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பினாங்கை எனக்கு அறிமுகப்படுத்தியது இந்த வகுப்புதான் என்று சொன்னால் அது மிகையன்று.

முதல் நடை பேருந்தில் தொடங்கியது. ஜெர்மனில் வண்டியில் ஏறுவது ‘ஐன்ஷ்டைகன்’, இறங்குவது ‘ஆவுஸ்ஷ்டைகன்’, வண்டி மாறுவது ‘உம்ஷ்டைகன்’. மூன்றுக்கும் அடிச்சொல் ஒன்றே. முன்னால் ஒட்டியிருக்கும் சிறு துண்டுதான் பொருளை மாற்றுகிறது. வாக்கியத்தில் அந்தத் துண்டு கழன்று கடைசிக்குப் போய்விடும். ‘இஷ் ஷ்டைகெ இன் கொம்தார் உம்’, அதாவது நான் கொம்தாரில் (ஜார்ஜ் டவுனில் பேருந்துகள் கூடும் இடம்) வண்டி மாறுகிறேன். பலகையில் எழுதிக் காட்டியபோது எங்களில் ஒருவருக்கும் இது பிடிபடவில்லை. கொம்தாரில் உண்மையாகவே இறங்கி, பினாங்கு மலைக்குச் செல்லும் 204ஆம் எண் பேருந்துக்காக நின்று, ஒவ்வொருவராக அந்த வாக்கியத்தைச் சொன்னபோதுதான், கடைசியில் வரவேண்டிய ‘உம்’ தானாக நாவில் வந்து விழுந்தது. வாக்கியம் முடியும் வரை அந்தத் துண்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதைக் கால்கள் கற்றுக்கொடுத்தன.

மலையடிவாரத்தில் இன்னொரு பாடம். 1923இல் ஓடத் தொடங்கிய அந்த மலை இரயிலுக்கு ஜெர்மனில் ‘ஷ்டாண்ட்ஸைல்பான்’ என்று பெயர். ‘ஸைல்’ என்றால் கயிறு, ‘பான்’ என்றால் தடத்தில் ஓடும் வண்டி. இப்படிச் சொற்களைக் கோத்துக்கொண்டே போவதைப் பார்த்து வகுப்பில் மற்றவர்கள் திகைத்தார்கள். தொகைச்சொற்களோடு வளர்ந்த நமக்கு அதில் திகைக்க ஒன்றுமில்லை. ‘மலை இரயில் நிலையம்’ என்னும்போது கடைசிச் சொல்தானே தலைமை? ஜெர்மனிலும் அப்படியே. கோவையின் கடைசிச் சொல் எந்தப் பாலோ, முழுச் சொல்லும் அந்தப் பால்.

லிட்டில் இந்தியாவில் நடந்தது எண்களுக்கான பயிற்சி. ஜெர்மனில் நாற்பத்தைந்து என்பதை ‘ஐந்தும் நாற்பதும்’ என்று ஒன்றாம் இடத்திலிருந்து சொல்ல வேண்டும். விலை கேட்டதும் அதைத் திருப்பிப் போட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது எளிதாகத் தோன்றும். கடையில் நிற்கும்போது அவ்வளவு எளிதாக இல்லை. மாரியம்மன் கோவிலுக்கு அருகே ஒரு பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கினேன். கடைக்கார அக்கா விரலால் நூலை முறுக்கிக் கட்டிக்கொண்டே, “அது என்ன பாஷை தம்பி?” என்று கேட்டார். “ஜெர்மன் அக்கா, அஞ்சுக்கு ஃப்யுன்ஃப்னு சொல்லணும்” என்றேன். அவர் நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, “ஃப்யுன்ஃப்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். என்னுடையதைவிட அவருடைய உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதன்பிறகு நான் எப்போது அந்தப் பக்கம் போனாலும் சரத்தை நீட்டி, “ஃப்யுன்ஃப் ரிங்கிட், தம்பி” என்கிறார்.

அந்த உச்சரிப்பு ஏன் அவருக்கு எளிதில் வந்தது என்று யோசித்தபோதுதான் இந்த வகுப்பின் பெரிய குறை எனக்குப் புலப்பட்டது. அங்கே ஜெர்மன் முழுவதும் ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்தே கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத எதுவும் ‘கடினம்’ என்ற எச்சரிக்கையோடு அறிமுகமாகிறது. அந்தக் கடினங்களில் பாதி தமிழில் இருப்பவை.

‘ஃப்யுன்ஃப்’ என்பதில் உள்ள உயிரொலியை விளக்க ஆசிரியைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிந்து பிறப்பவை என்று நம் இலக்கணம் சொல்கிறது. உகரத்துக்குக் குவிப்பதுபோல் இதழைக் குவித்துக்கொண்டு உள்ளே இகரத்தைச் சொன்னால் அந்த ஒலி வந்துவிடும். இதைத் தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போதும். அதேபோல ஜெர்மன் ‘டூ’, ‘ஸீ’ என்னும் முன்னிலைச் சொற்களின் வேறுபாடு, யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்ற பெரிய அட்டவணையோடு வந்தது. நீ, நீங்கள் என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசுபவர்களுக்கு அந்த அட்டவணை தேவையில்லை.

இதை எனக்கு முதலில் எடுத்துக்காட்டியவர் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வகுப்புக்கு வரும் ஒரு தாதி. ஜெர்மனியில் மருத்துவமனை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு வழக்கமாக ஏ1, ஏ2, பி1 ஆகியவற்றுக்கு அடுத்த பி2 நிலை கேட்கப்படுவதால் அவருடைய பயணம் எங்கள் எல்லோருடையதையும்விட நீண்டது. ஒருநாள் குளிரூட்டி அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை அதையே எடுத்துக்காட்டாக்கி, ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்று எழுதினார். குளிர்கிறது என்பதற்கு ‘நான்’ என்று தொடங்கக்கூடாது, அப்படித் தொடங்கினால் பொருள் மாறிவிடும், இது ஒரு விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த தாதி அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் காதருகில், “எனக்குக் குளிருது. நாலாம் வேற்றுமைதானே தம்பி?” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ‘மியர்’ என்றால் ‘எனக்கு’. பிடித்திருக்கிறது என்பதற்கும் ஜெர்மனில் ‘எனக்கு’ என்றே வரும். ஆங்கிலத்தின் வழியாக வருபவர்களுக்கு விதிவிலக்காகத் தோன்றுவது நமக்கு வீட்டுப் பேச்சு. அக்கா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816இல் இதே பினாங்கில், ஃப்ரீ ஸ்கூலில்தான் தொடங்கியது. அந்தத் தொடர்ச்சியில் ஆறு ஆண்டு அவர் படித்த இலக்கணம், இரவு எட்டரை மணிக்கு ஒரு ஜெர்மன் வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது. அன்று முதல் நாங்கள் இருவரும் குறிப்பேட்டின் ஓரத்தில் தமிழ் வேற்றுமையை எழுதிக்கொண்டோம். செயப்படுபொருளுக்கு ஐ, கொடைப்பொருளுக்குக் கு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால், ஆங்கில ‘the’ போல, அடைமொழியாக வரும் ‘டேர்’ எப்போது ‘டென்’ ஆகிறது, எப்போது ‘டேம்’ ஆகிறது என்பதில் அதன்பிறகு எங்களுக்குப் பெரிய தடுமாற்றம் இருக்கவில்லை.

கடைசி வாரங்களில் காரணம் சொல்லும் வாக்கியம் வந்தது. ‘வைல் இஷ் இன் பினாங் வோனெ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘ஏனெனில், நான், பினாங்கில், வசிக்கிறேன்’ என்று வரும். வினை கடைசியில் நிற்கும். ‘நான் பினாங்கில் வசிப்பதால்’ என்று நாம் சொல்லும் வரிசை அதுவே. காரணத்தைக் காட்டும் சொல் அவர்களுக்கு முன்னால் நிற்கிறது, நமக்கு வினையோடு ஒட்டிக்கொள்கிறது. வகுப்பு முழுவதும் வினையை முன்னால் இழுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் தமிழில் நினைத்து அப்படியே சொன்னோம்.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவும் என்று நான் சொல்ல வரவில்லை. தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நின்றே தீர வேண்டும் என்ற விதி எனக்கு இன்னும் தவறுகிறது. பெயர்ச்சொற்களின் பால் அதைவிடக் கடினம். உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கும் நமக்கு, கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால் என்பதும், ‘மேட்ஷன்’ என்னும் சிறுமியும் அந்த மூன்றாம் பாலில்தான் சேர்கிறாள் என்பதும் எந்த அறிவாலும் ஊகிக்க முடியாதவை. ஆசிரியை ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் எங்களை உட்காரவைத்து, மேசையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து அடைமொழியோடு சொல்லவைத்தார். கையில் பிடித்துச் சொன்ன சொற்கள் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. நேரம் சொல்வதும் அப்படியே ஏமாற்றும்: ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்பதில் எட்டு என்ற சொல் இருந்தாலும் பொருள் ஏழரை. எட்டை நோக்கிப் பாதி போயாயிற்று என்று அவர்கள் எண்ணுகிறார்கள், ஏழைத் தாண்டி அரை என்று நாம் எண்ணுகிறோம்.

இனி என் மனக்குறை. சேரும்போது ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இரண்டாம் பாதியின் நான்காம் வாரத்தில், வேறொரு பிரிவில் ஆள் குறைந்துவிட்டது என்று அதை எங்களோடு சேர்த்தார்கள், பத்தொன்பது பேரானோம். இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் வாய்திறந்து பேசும் நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. சனிக்கிழமை நடைகளும் இரண்டு நின்றுபோயின, ஏனெனில் அத்தனை பேரை ஒருவர் அழைத்துச் செல்ல முடியவில்லை. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி நானும் வேறு நால்வரும் எழுதிக் கொடுத்தோம். பதில் மரியாதையாக வந்தது, பணம் வரவில்லை. ஆசிரியைமீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தக் கூட்டத்திலும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அழைத்துப் பேசவைக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் நிலையம் தெளிவாகச் சொல்ல வேண்டும். முடிவில் அவர்கள் தரும் சான்றிதழ் வகுப்புக்கு வந்ததற்கான சான்றிதழ் மட்டுமே. விசாவுக்கோ வேலைக்கோ ஏ1 கேட்கிறார்கள் என்றால் ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் கோத்தே நிலையம் நடத்துவதுபோன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வைத் தனியாகப் பணம் கட்டி எழுத வேண்டும். அந்தத் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பி, முப்பது சொல் அளவில் ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். பேச்சுப் பகுதியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்காட்ட வேண்டும். நீண்ட தமிழ்ப் பெயர்களை வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் பலமுறை பழகிக்கொள்வது நல்லது. வகுப்பில் இந்தத் தேர்வுக்கான பயிற்சி கடைசி ஒரே வாரம்தான் நடந்தது. தாதி அக்காவைப் போல் உண்மையாகவே தேர்வெழுத வேண்டியவர்களுக்கு அது போதாது. டாய்ச்ச வெல்ல என்னும் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் காணொளிப் பாடங்களை நாங்கள் இருவரும் அதற்குத் துணையாகக் கொண்டோம். கேட்டல் பகுதிக்கு அவை வகுப்பின் ஒலிப்பதிவுகளைவிடப் பயன்பட்டன.

கையேடுகளை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. ஏ1 முடித்தவரால் அது முடியாது என்பதை இப்போது அறிவேன். ஆனால் எச்சரிக்கைக் கட்டங்களில் உள்ள வாக்கியங்களில் வினை எங்கே நிற்கிறது என்று கண் தானாகத் தேடுகிறது. அடுத்த நிலைக்கு அதே கடைவீட்டு மாடியில், அதே ஆசிரியையிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். தாதி அக்காவும் சேர்ந்திருக்கிறார். இம்முறை பணம் கட்டுமுன், வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இரசீதிலேயே எழுதித் தரும்படி இருவரும் கேட்டோம். பன்னிரண்டு என்று எழுதி, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.