மியூசிக் சர்வருக்கு எந்தக் குட்டி கம்ப்யூட்டர்? சில வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

வீட்டில் மியூசிக் சர்வர் (சேர்த்து வைத்த பாட்டு ஃபைல்களை வீட்டு நெட்வொர்க் வழியாக அனுப்பும் கம்ப்யூட்டர்) வைக்க என்ன வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது ப்ராசஸர் வேகத்தைத்தான். என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. சிடி தரத்தில் ஒரு பாட்டைச் சுருக்காமல் அனுப்பினால்கூட விநாடிக்கு 1411 கிலோபிட்தான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் என்றாலும் ஏறத்தாழ 9.2 மெகாபிட். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் இதுவும் கணிசமாகக் குறையும். 100 மெகாபிட் லேன் (கேபிள் நெட்வொர்க்) இதற்குத் தாராளம். பத்து வருடப் பழைய ப்ராசஸர்கூட அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும்.

நான் பார்ப்பது வேறு. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் பெட்டி தானாக எழ வேண்டும். டிஸ்க் பாதியில் காணாமல் போகக் கூடாது. சத்தம் கூடாது. இந்த மூன்றையும் வைத்துத்தான் கையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் எடைபோடுகிறேன்: முதலில் ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவே உள்ள ஒற்றை போர்டு கம்ப்யூட்டர், சுருக்கமாக 'பை'), அதன் பிறகு இன்டெல் என்100 சிப் உள்ள ஃபேன் இல்லாத ஒரு மினி பிசி.

பை 4 வந்தது 2019-ல். அதற்கு முந்தைய பை 3-ல் யுஎஸ்பியும் லேனும் ஒரே யுஎஸ்பி 2 பாதையைப் பங்குபோட்டுக்கொண்டன. டிஸ்க்கிலிருந்து படிப்பதும் நெட்வொர்க்கில் அனுப்புவதும் ஒரே வாசல் வழியாக. 4-ல் கிகாபிட் லேன் தனி, யுஎஸ்பி 3 தனி. சர்வராக வைக்கலாம் என்ற நம்பிக்கை வந்ததே அதனால்தான். பாட்டு விஷயத்தில் அது ஏமாற்றவும் இல்லை. வீட்டில் இரண்டு அறையில் இரண்டு பாட்டு ஓடும்போதும் ப்ராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

தொல்லை வந்தது பவரில். பை 4-ன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் தர முடியும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் தனியாகவே 1 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதோடு யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் சாதனம்) ஒன்றையும் மாட்டினால் விளிம்பில் நிற்கிறோம் என்று அர்த்தம். சாதாரணமாகக் கேட்கும்போது எதுவும் தெரியாது. புது ஆல்பங்களைப் போட்டுவிட்டு சர்வர் டிஸ்க்கைப் படித்துப் பட்டியல் போடும் முழு ஸ்கேன் விடும்போதுதான் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும், டிஸ்க் துண்டித்துக்கொள்ளும், பிறகு வேறு பெயரில் திரும்பி வரும். ஸ்கேன் முடிந்து பார்த்தால் பட்டியலில் பாதி ஆல்பம் இருக்காது. ஃபைல்கள் பத்திரமாகத்தான் இருக்கும், சர்வருக்குத்தான் அவை கண்ணில் படாது. சிஸ்டம் லாகில் (பதிவேட்டில்) 'அண்டர்வோல்டேஜ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைப் பதிவு செய்துவிடும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் போட்டதும் இந்த வியாதி அடியோடு போய்விட்டது. ஆனால் குட்டிப் பெட்டி என்று வாங்கியது இப்போது இரண்டு அடாப்டர், ஒரு ஹப், மூன்று கேபிள் என்று பரந்து கிடந்தது.

பையின் சிஸ்டம் வழக்கமாக இருக்கும் எஸ்டி கார்டு இன்னொரு தலைவலி. லாகும் டேட்டாபேஸும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால், அடுத்த முறை எழும்போது எதையும் எழுத விடாமல் 'படிக்க மட்டும்' நிலைக்குப் போய் நிற்கும், சில சமயம் எழவே எழாது. பை 4-ஐ யுஎஸ்பியில் மாட்டிய எஸ்எஸ்டியிலிருந்தே (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) பூட் செய்யலாம். சர்வராக ஓட்டுவதென்றால் அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்பேன். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு: யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். எஸ்எஸ்டி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தால் பையின் வைஃபை தடுமாறும். லேன் கேபிள் போடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

மினி பிசிக்கு மாறக் காரணம் இந்த வயர்க் காடுதான். எஸ்எஸ்டி உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது, ஒரே அடாப்டர். ஹார்ட் டிஸ்க்கோடு போனது இன்னொன்றும் உண்டு. முன்பு தூங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க் விழித்துச் சுழல்வதற்குள், ப்ளே அழுத்திவிட்டுச் சில விநாடி மௌனத்தில் காத்திருக்க வேண்டும். இப்போது தொட்டதும் பாடுகிறது. என்100-ன் டிடிபி (சிப் வெளியிடும் வெப்பத்தின் அளவுகோல்) 6 வாட் என்பதால் ஃபேன் இல்லாமலே சமாளிக்கிறது. கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

வாங்கியதும் முதல் வேலையாக பயாஸுக்குள் (பெட்டி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பைத் தேடிப் போடுங்கள். பையில் இந்தக் கவலையே இல்லை, கரண்ட் வந்தால் எழுந்துவிடும். மினி பிசிகள் பலவற்றில் இது ஆஃப் ஆகவே வரும். சில மலிவுப் பெட்டிகளில் இந்த வசதி இருக்கிறதா என்பதே விற்பனைப் பக்கத்தில் இருக்காது. வாங்கும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியது ராம் அளவைவிட இதைத்தான்.

மின்சாரக் கணக்கு எளிது. 24 மணி நேரமும் ஓடும் ஒரு வாட், வருடத்துக்கு 8.76 யூனிட். சும்மா இருக்கும்போது பை 4 சுமார் 3 வாட், இந்த வகை மினி பிசிகள் 6 முதல் 10 வாட். வருடத்துக்கு 26 யூனிட்டுக்கும் அதிகபட்சம் 88 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம். 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை இந்த வேலைக்கு உட்கார வைத்தால் 438 யூனிட். 'வீட்டில் சும்மாதானே கிடக்கிறது' என்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, பை என்ன ஆனது? தூக்கிப் போடவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ப்ளேயராக உட்கார்ந்திருக்கிறது, சர்வர் ரவுட்டர் பக்கத்தில். இந்தப் பிரிவினைதான் இத்தனை நாளில் செய்த உருப்படியான மாற்றம். பையில் ஓடுவது பைகோர்ப்ளேயர் என்ற குட்டி சிஸ்டம். எழுந்ததும் அது முழுக்க ராமுக்குள் ஏறிக்கொள்வதால், ப்ளக்கைப் பிடுங்கினாலும் கார்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பையின் 3.5 மிமீ ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், சுமார்தான். பை 5-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். யுஎஸ்பி டிஏசி ஒன்று அவசியம். சர்வரை மாற்றியதால் ஒலி 'திறந்துகொண்டது' என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. இரண்டிலிருந்தும் டிஏசிக்குப் போவது அதே பிட்கள்தான், என் காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

மென்பொருளில் லிரியன் மியூசிக் சர்வர். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் மியூசிக் ப்ளேயர்களுக்காக எழுதப்பட்டது. அவற்றை விற்றுவந்த லாஜிடெக் 2012-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. திறமூலம் என்பதால் மென்பொருள் மட்டும் பிழைத்து, 2024-ல் புதுப் பெயருடன் தொடர்கிறது. முகப்பு கொஞ்சம் பழைய காலத்து வாசனை அடிக்கும், ஆனால் பல அறைகளில் ஒரே பாட்டை ஒன்றாக ஓடவிடுவதில் கெட்டி. வெளியே போனில் கேட்க நாவிட்ரோம் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளையும் அதே பெட்டியில் போட்டிருக்கிறேன். மொபைல் டேட்டா மிச்சமாக ஃப்ளாக்கை அளவில் சிறிய ஓபஸ் வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். மினி பிசியின் கூடுதல் பலம் கொஞ்சமாவது வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

எந்தப் பெட்டியாலும் தீராதது டேக் (ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு, கலைஞர் பெயர் விவரம்) குழப்பம். ஒரே இசையமைப்பாளர் இனிஷியலுக்குப் பின் புள்ளியோடு ஒருவர், புள்ளியில்லாமல் ஒருவர், தமிழ் எழுத்தில் ஒருவர் என்று மூன்று பேராக நிற்பார். பிக்கார்ட் என்ற டேக் திருத்தும் மென்பொருள் கொண்டு பாதி சரிசெய்திருக்கிறேன், மீதி கையால்தான். அத்தனை உழைப்பும் அந்த ஒரே எஸ்எஸ்டியில் இருக்கிறது என்பதால் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இப்போது புது வேலை: மாதம் ஒருமுறை மாட்டி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டி, கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.