சேமித்த ஃபைல் மறுநாள் காணோம்: ஊட்டியில் வாங்கிய "மினி கம்ப்யூட்டர்"

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் பிள்ளைகளுக்குப் பழைய கம்ப்யூட்டர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 6,500 ரூபாய் போனது. பணம் போனதைவிட, அந்தப் பெட்டியை நம்பி என் மகளை நான் திட்டியதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

மகள் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். சி ப்ளஸ் ப்ளஸ் புரோகிராம்களை வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிற சம்பளத்தில் புது லேப்டாப் பற்றி நினைக்கவே முடியாது. ஊட்டி மார்க்கெட் பக்கம் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில், தடித்த நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார்கள். வங்கிக் கவுண்டரில் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. தின் கிளையன்ட் என்று பெயர். வேலையெல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கும், இது திரையில் காட்டுவதோடு சரி. கம்பெனிகள் கழித்துவிட்டால் மொத்தமாக ஏலத்துக்கு வரும்.

"உள்ளே எல்லாத்தையும் மாத்திட்டோம்க்கா. எட்டு ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி. இனி இது சாதாரண கம்ப்யூட்டர்தான்" என்றார் கடைக்காரர். ராம் என்பது கரண்ட் இருக்கும்வரை மட்டும் பிடித்து வைக்கும் நினைவகம், எஸ்எஸ்டி நிரந்தரமாகச் சேமிக்கும் டிஸ்க். யூடியூப் ஓடவிட்டுக் காட்டினார். ஓடியது. வெள்ளைத் தாளில் எஸ்டிமேட் என்று எழுதிக் கொடுத்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டபெட்டு வழி பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

முதல் வாரம் அவள் ஏழு புரோகிராம் டைப் செய்து டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்தாள். ராத்திரி நிறுத்தாமல் அப்படியே விட்டிருக்கிறாள் போல. ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்ததும் ஆன் செய்தால் டெஸ்க்டாப் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு ஃபைல் கூட இல்லை. "சேவ் பண்ணேம்மா" என்று அழுதாள். நான் நம்பவில்லை. கவனம் இல்லை, ஃபோனிலேயே புத்தி என்று என்னென்னவோ சொல்லிவிட்டேன். அவள் பேசாமல் உட்கார்ந்து ஏழையும் திரும்ப டைப் செய்தாள். மறுநாள் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்னூரிலிருந்து என் அண்ணன் மகன் வந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பச்சைப் பூட்டைக் காட்டினான். "அத்தை, பாப்பா மேல தப்பே இல்ல."

அந்தப் பூட்டுக்கு ரைட் ஃபில்டர் என்று பெயராம். பெட்டியில் இருந்தது நாம் வழக்கமாகப் பார்க்கிற விண்டோஸ் இல்லை, விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான ஆதரவை 2020 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. ரைட் ஃபில்டர் போட்டிருந்தால், நாம் சேமிப்பது டிஸ்க்கில் எழுதப்படாமல் ராமில் மட்டும் நிற்கும். நிறுத்தி ஆன் செய்தால் எல்லாம் போய்ப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். கவுண்டரில் யார் எதைக் கெடுத்தாலும் காலையில் சுத்தமாக எழ வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வங்கிக்கு நல்லது. படிக்கிற பிள்ளை வீட்டில் அது இருக்கக் கூடாது. எங்கள் எச்பி பெட்டியில் ஃபில்டர் வேலை செய்கிறபோது பூட்டு பச்சை, நிறுத்தினால் சிவப்பு. பச்சையைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

மறுநாள் கடைக்கு ஃபோன் செய்தேன். "அது செக்யூரிட்டிக்கு இருக்கிறதுக்கா. டி டிரைவ்ல சேவ் பண்ணச் சொல்லுங்க, போகாது" என்றார். அதை விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெட்டியை எடுத்துட்டு வாங்க, 1,200 ரூபாய் ஆகும், அந்த ஃபில்டரை நீக்கிவிடுகிறோம் என்றார்.

போகவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணன் மகன் பெட்டியின் மூடியைக் கழற்றினான். நானும் மகளும் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றோம். ராம் போட இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் நான்கு ஜிபி என்று ஒட்டிய பலகை, இன்னொன்று காலி. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனி போட்ட பழைய 16 ஜிபி ஃபிளாஷ் அப்படியே கிடந்தது. அப்படியானால் அந்த 128? உள்பக்க யூஎஸ்பி துளையில் சாதாரண பென் டிரைவ் ஒன்றைச் செருகி, ஆடாமல் இருக்க வயர்மேன் சுற்றுகிற கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப் சூட்டில் இளகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. டி டிரைவ் என்று அவர் சொன்னது இதைத்தான். இந்தப் பெட்டியில் ஃபேன் கிடையாது, உள்ளே சூடு அப்படியே நிற்கும். அந்தச் சூட்டில் அவளுடைய படிப்பை ஒரு பென் டிரைவில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதிரிப் பெட்டியை மாற்றுகிற வேலையை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல வேலை, பழைய வேலையும்கூட. 2000-இல் அமெரிக்காவில் நெட்பிளையன்ஸ் என்ற கம்பெனி ஐ-ஓப்பனர் என்ற இன்டர்நெட் பெட்டியை 99 டாலருக்கு விற்றது. மாதம் 21.95 டாலர் சந்தாவில் நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. லாஸ் வேகாஸைச் சேர்ந்த கென் செக்லர், உள்ளே ஹார்ட் டிஸ்க் மாட்ட இடம் இருப்பதையும், அதன் பின்கள் தலைகீழாக இருப்பதால் அதற்கேற்ற கேபிள் வேண்டும் என்பதையும் கண்டுபிடித்து வெளியே சொல்லிவிட்டார். ஆளாளுக்கு வாங்கி முழுக் கம்ப்யூட்டராக்கிக்கொண்டார்கள். கம்பெனி, ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற புரோகிராம் இருக்கும் பயாஸ் சிப் மேல் எபாக்ஸிப் பசையை ஊற்றி அடைத்துப் பார்த்தது. பிறகு, வாங்கியவர்களிடம் சரியாகச் சொல்லாமல் காசு பிடித்த புகாரில் 2001-இல் ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அந்த நாள் தொட்டுச் செய்துவருகிற வேலையை எங்களுக்குச் செய்யாமலேயே செய்ததாகச் சொல்லிக் காசு வாங்கியதுதான் என் புகார்.

ஒழுங்காகச் செய்ய எங்களுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. எங்கள் பெட்டிக்கு எம்.2 சாட்டா வகை எஸ்எஸ்டிதான் பொருந்தும், என்விஎம்இ என்ற இன்னொரு வகை வேலை செய்யாது என்று பார்த்து வாங்கினோம். டிடிஆர்3எல் வகை ராம் ஒரு நான்கு ஜிபி. இரண்டும் சேர்ந்து 2,700 ரூபாய் ஆனது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, ஆன் ஆகும்போது எஃப்9 தட்டி அதிலிருந்து எழுப்பினான். எழுதிய புரோகிராமை ஓடவைக்கத் தேவையான சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலரும் இலவசம். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், இவ்வளவு பழைய பெட்டிக்கு விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தனிக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், கடையிலேயே டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலைச் சேமியுங்கள். வயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப ஆன் செய்து அது இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூப் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எஃப்10 தட்டி பயாஸ் உள்ளே போக முடிகிறதா என்பதும் முக்கியம். பழைய கம்பெனி வைத்த பாஸ்வேர்டு இருந்தால் வேறு எதையும் ஏற்றுவது பெரும்பாடு. ஜிஎஸ்டி எண் போட்ட பில்லில் ராம் எவ்வளவு, டிஸ்க் என்ன என்று எழுதி வாங்குங்கள். நான் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. எஸ்டிமேட் தாளையும், டேப் சுற்றிய அந்தப் பென் டிரைவையும், மூடி திறந்தபோது எடுத்த படங்களையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படிக் கறுப்புப் பெட்டி இருந்து, பிள்ளை "சேவ் பண்ணேன்" என்று சொன்னால், முதலில் அந்த மூலையில் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.