மெஸ்ஸர்ஷ்மிட்டா, ஐசெட்டாவா?

பிரிட்டனில் பழைய மூன்று சக்கரக் குட்டி கார் தேடுகிறவர் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார். ஒன்று, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் 1955 முதல் 1964 வரை தயாரான மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200. மற்றது, பிரைட்டனின் பழைய ரயில் என்ஜின் பட்டறையில் 1957 முதல் உருவான பிஎம்டபிள்யூ ஐசெட்டா. நான் வாங்கியது ஐசெட்டா. அதனால் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

ஓட்டுகிற சுகத்தில் மெஸ்ஸர்ஷ்மிட்டை அடிக்க முடியாது. இருவர் முன்னும் பின்னுமாக உட்கார வேண்டும். தலைக்கு மேல் கண்ணாடி மூடி. ஸ்டியரிங்குக்குப் பதில் ஹேண்டில்பார். மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே வண்டி திரும்பிவிடும். நண்பருடையதைக் கொஞ்ச தூரம் ஓட்டியதை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். ரிவர்ஸ் போக எஞ்சினை அணைத்து எதிர்த்திசையில் சுழலும்படி மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது நான்கு கியரும் பின்னோக்கிக் கிடைக்கும்!

ஐசெட்டாவில் அந்த வித்தை கிடையாது. முன்பக்கமே கதவு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கை. வலப்பக்க ஸ்டியரிங் வைத்ததில் ஓட்டுநரும் எஞ்சினும் ஒரே பக்கம் சேர்ந்துவிட, இடப்பக்கம் எடை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். வேகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அன்று மூன்று சக்கரத்துக்கு இருந்த வரிச் சலுகை இன்று கணக்கிலேயே வராது. 40 வயது தாண்டிய காருக்கு இங்கே சாலை வரியே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கார்கள் ஓடுவதைவிட ஷெட்டில் நிற்பதுதான் அதிகம். குளிர்காலம் முழுக்க அசையாது. இதைத் தாங்குவது எது என்பதுதான் கேள்வி.

மெஸ்ஸர்ஷ்மிட்டில் இருப்பது 191 சிசி ஸாக்ஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு கிடையாது, பாகங்களும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் பராமரிப்பு இதற்குத்தான் சுலபம். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) வழியாகத்தான் மேலே போகிறது. நின்று நின்று கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் ஆயில் சீல் கெட்டிப்பட்டுப்போனால் அந்த வழியே காற்று நுழையும். கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சீல் மாற்றப் பெரும்பாலும் எஞ்சினை இறக்க வேண்டும். 2021-இல் இங்கே சாதாரண பெட்ரோலில் எத்தனாலை 10 சதவீதம் வரை கூட்டிய பிறகு பழைய ரப்பருக்கு இன்னும் கஷ்டம்.

ஐசெட்டாவின் எஞ்சின், பிஎம்டபிள்யூவின் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்த ஃபோர் ஸ்ட்ரோக். இதில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகப் போவதில்லை. அதனால் அதே சீல் போனால் ஷெட் தரையில் எண்ணெய் சொட்டும். அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், உண்மைதான். அது ஒரு மாலை வேலை. பிஎம்டபிள்யூ மட்டுமே 1,60,000-க்கு மேல் ஐசெட்டா செய்திருப்பதால் உதிரி பாகத்துக்கும் பெரிய அலைச்சல் இல்லை.

அப்புறம், விற்கும்போது மெஸ்ஸர்ஷ்மிட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கலாம். நான் கவனித்த விளம்பரங்கள் கொஞ்சம்தான், ஆனால் அவற்றில் அப்படித்தான் இருந்தது. வாரந்தோறும் வண்டியை வெளியே எடுக்கிறவர் என்றால் தயங்காமல் அதையே வாங்கலாம். சீல் கெட்டிப்பட நேரமே இருக்காது.